உளவியல் சோதனை உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் புற மாறியைப் பிடிக்கும் வழி

உளவியல் துறைகளில் ஆண்டு தவறாமல் யாராவது ஒருவர் எடுக்கும் சோதனை ஒன்று உண்டு: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தால் மனதில் நிற்குமா, நிற்காதா? ஒரு குழுவுக்கு அமைதியான அறை, இன்னொரு குழுவுக்குப் பாட்டு. இரண்டுக்கும் ஒரே 20 சொற்கள். பிறகு, நினைவில் நின்றவற்றை எழுதச் சொல்லி எண்ணுவது. பாட்டு உண்டா இல்லையா என்பது சாரா மாறி. நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி. இவை இரண்டையும் தவிர முடிவைத் தொடக்கூடிய மற்றதெல்லாம் (நேரம், சத்தம், ஆட்களின் இயல்பு) புற மாறி. இவ்வளவு எளிய சோதனையிலேயே கணக்கு உதைக்கப் பல வழிகள் இருக்கின்றன. கீழே வரும் அறிகுறிகள் பலவற்றுக்கும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தத் தொல்லை இரண்டு குழுக்கள் மீதும் ஒரே மாதிரி விழுந்ததா, ஒரு குழுவின் மீது மட்டும் விழுந்ததா?

காற்றில் ஆடும் தராசு எடையை முன்னே பின்னே காட்டும். பலமுறை நிறுத்துச் சராசரி எடுத்தால் சரியான எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு முறை நிறுத்தாலும் தப்பான எடைதான் வரும், அதுவும் மாறாமல் வரும். தெருவில் அடிக்கும் ஹாரன், சிலருக்குத் தூக்கம், சிலருக்குப் பசி, இதெல்லாம் ஆட்டம். அமைதிக் குழுவைக் காலை பத்து மணிக்கும் பாட்டுக் குழுவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்கார வைத்தால் அது புளி. பாடநூல்கள் இதைக் குழப்ப மாறி என்கின்றன. ஆட்டம் இருக்கிற விளைவை மறைக்கும். புளி இல்லாத விளைவை உண்டாக்கும். மின்விசிறிச் சத்தத்துக்கு வருத்தப்பட்டு அறிக்கையில் ஒரு பத்தி எழுதுகிறவர்கள், நேர அட்டவணையில் ஒட்டியிருக்கும் புளியைக் கோட்டை விடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அறிகுறி: இரண்டு குழுவுக்கும் வேறுபாடே வரவில்லை

டி-டெஸ்டை (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) மூடிவிட்டு மதிப்பெண்களின் பரவலை வரைந்து பாருங்கள். 20 சொற்களில் எல்லோரும் 18, 19 என்று எழுதியிருந்தால் பாட்டு கெடுப்பதற்கு அங்கே இடமே இல்லை. எல்லோரும் 3, 4 என்றாலும் அதே கதைதான். முன்னோட்டத்தில் சராசரி நடுவாக்கில் விழும்வரை சொற்களின் எண்ணிக்கையையும் காட்டும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பாட்டுக் குழுவின் காதில் பாட்டு விழுந்ததா? கடைசி வரிசைக்குக் கேட்காத சின்ன ஸ்பீக்கர் என்றால் அவர்களும் அமைதிக் குழுதான். சோதனை முடிந்ததும் "என்ன பாட்டு ஓடியது?" என்று ஒரு கேள்வி வைத்தால் தெரிந்துவிடும்.

இரண்டும் சரி என்றால் சிதறலைப் பாருங்கள். சிதறலை அளக்கும் திட்ட விலக்கம் இரண்டு மடங்கானால், அதே வேறுபாட்டை அதே துல்லியத்தோடு பிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆகவே கூடுதலாக ஆள் தேடி அலைவதைவிட ஆட்டத்தைக் குறைப்பது மலிவு. கைபேசிகள் அறைக்கு வெளியே. அறிவுரை அனைவருக்கும் ஒரே ஒலிப்பதிவில். சொல் ஒவ்வொன்றும் திரையில் ஒரே அளவு நேரம். எழுதுவதற்கு எல்லோருக்கும் ஒரே கால அளவு. இதற்கும் ஒரு விலை உண்டு. ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று ஒரே வகுப்பு, ஒரே வயது, ஒரே பாலினம் என்று சுருக்கிக்கொண்டே போனால், கடைசியில் கிடைக்கும் முடிவு அந்த வகுப்புக்கு மட்டும்தான் செல்லும்.

அறிகுறி: வேறுபாடு நம்பமுடியாத அளவுக்குப் பெரிது

இதை யாரும் பிழையாகவே பார்ப்பதில்லை, இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எக்செல்லில் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் நேரே நாள், மணி, அறை, நடத்தியவர், வகுப்புப் பிரிவு, பாலினம் என்று பத்திகளைச் சேருங்கள். பிறகு குழுவாரியாக வரிசைப்படுத்துங்கள். ஏதாவது ஒரு பத்தி குழுப் பத்தியோடு சேர்ந்தே மாறினால் புளி அங்கேதான்.

ஆளை எந்தக் குழுவில் போடுவது என்பதிலேயே புளி ஒட்டிக்கொண்ட புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1958-ல் ஜோசப் பிராடி குரங்குகளை இரண்டிரண்டாக இணைத்தார். ஒன்று நெம்புகோலை அழுத்தி மின்னதிர்ச்சியைத் தவிர்க்கலாம்; மற்றதற்கு அந்த வசதி இல்லை, ஆனால் முதல் குரங்கு வாங்கிய அதே அதிர்ச்சிகள் அதற்கும் கிடைக்கும். பொறுப்பைச் சுமந்த "நிர்வாகி" குரங்குகளுக்கு வயிற்றுப்புண் வந்தது. பொறுப்பே மன அழுத்தம் தரும் என்று அது உலகெங்கும் பரவியது. ஆனால் யார் நிர்வாகி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யவில்லை. முன்னோட்டத்தில் வேகவேகமாக அழுத்திய குரங்குகளையே அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். இயல்பிலேயே பதற்றமானவை ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. பின்னர் ஜே வைஸ் எலிகளைச் சமவாய்ப்பில் பிரித்துச் செய்தபோது முடிவு தலைகீழானது: கட்டுப்பாடு கையில் இருந்த எலிகளுக்குத்தான் புண் குறைவு.

நம் ஊர்ச் சோதனைகளில் இதே பிழை வேறு வேடத்தில் வரும். முதலில் வந்த 15 பேர் அமைதிக் குழு, பின்னால் வந்த 15 பேர் பாட்டுக் குழு. நேரத்துக்கு வருகிறவர்களும் கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்களா? வருகைப் பதிவில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று பிரிப்பது இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அடுத்தவர் எந்தக் குழு என்பது நடத்துகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாணயம் சுண்டலாம் என்றால் 20 பேர் சரியாகப் பத்துக்குப் பத்தாகப் பிரிவதற்கான வாய்ப்பு 17.6 சதவீதம்தான். எளிய வழி, நால்வருக்கு ஒரு கட்டு: இரண்டு சீட்டில் அமைதி, இரண்டில் பாட்டு, குலுக்கி எடுத்து உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஆள் வந்து உட்கார்ந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். காலை, மதியம் இரண்டு வேளையிலும் இரண்டு குழுவும் கலந்து வந்துவிடும்.

இன்னொரு ஒளிவிடம் சாரா மாறிக்குள்ளேயே இருக்கிறது. அமைதிக்கு எதிராக நீங்கள் வைத்தது வெறும் இசையா, வரிகள் உள்ள சினிமாப் பாட்டா? சலாமேயும் பேட்லியும் 1980-களில் காட்டியபடி, கவனிக்க வேண்டாம் என்று சொன்ன பேச்சொலிகூட வரிசையாக நினைவில் வைப்பதைக் கெடுக்கும். குரலிசை கருவியிசையைவிட அதிகம் கெடுக்கும். ஆக "இசை கெடுக்கிறது" என்று எழுத உங்களிடம் சான்று இல்லை. அதே பாட்டின் கருவியிசை வடிவத்தை மூன்றாவது குழுவுக்குப் போட்டால்தான் இசையையும் சொற்களையும் பிரிக்க முடியும்.

அறிகுறி: ஒருவர் நடத்தினால் விளைவு வருகிறது, இன்னொருவர் நடத்தினால் வருவதில்லை

நடத்தியவர் வாரியாகத் தரவைப் பிரித்துச் சராசரி போட்டால் சிலசமயம் இப்படி வரும். எதிர்பார்ப்பு கசிந்திருக்கிறது என்று பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. ஏமாற்று வேலை எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் செய்தது மிக எளிய மாற்றம்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி வைத்தார். குதிரையின் கணிதம் அங்கேயே முடிந்தது. தட்டல் சரியான எண்ணைத் தொட்டதும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு நிமிரும். ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தது. இதில் எனக்குப் பிடித்தது, இது தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்ட்டால் தன் தலையசைவை முழுதாக அடக்க முடியவில்லை என்பது. "நான் நடுநிலையாகத்தான் நடத்தினேன்" என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

1963-ல் ரோசந்தாலும் ஃபோடும் 12 மாணவர்களுக்குத் தலைக்கு ஐந்து எலிகள் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் இவை புதிர்வழியில் கெட்டிக்கார வம்சம் என்றும், மீதிப் பேரிடம் மந்தமான வம்சம் என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒரே வகை எலிகள்தான். "கெட்டிக்கார" எலிகளே நன்றாக ஓடின. ஆள் எதையும் எதிர்பார்க்காமல் வெறுமனே இருந்தாலும் விடாது: 2014-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு, ஆண் ஒருவர் அறையில் இருந்தாலோ, ஆண் அணிந்த சட்டை அங்கே இருந்தாலோகூட எலிகள் வலியைக் காட்டுவது குறைந்துவிடுகிறது என்று கண்டது.

மனிதர்களிடம் கசிவு இன்னும் சுலபம். அமைதிக் குழுவில் ஒருவர் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தால் "பரவால்ல, இன்னும் கொஞ்சம் யோசிங்க" என்பார் நடத்துகிறவர், பாட்டுக் குழுவில் "முடிச்சிட்டீங்களா?" என்பார். அவருக்கே தெரியாது.

நீக்கும் வழி இந்தச் சோதனைக்குக் கடினமில்லை. இரண்டு குழுவுக்கும் ஹெட்போன் மாட்டுங்கள். ஒலிக்கோப்புகளுக்கு 1, 2 என்று மட்டும் பெயர். ஒன்றில் பாட்டு, இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. எது எது என்பது அறைக்கு வெளியே இருக்கும் இன்னொருவருக்கு மட்டும் தெரியட்டும். திருத்தும்போதும் அதே மறைப்பு வேண்டும். "வானம்" என்ற சொல்லுக்கு "வானவில்" என்று எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டா? உண்டோ இல்லையோ, விதியைத் தாள்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். தாளில் குழு எண்ணை மறைத்துவிட்டு வேறொருவர் திருத்தட்டும்.

அறிகுறி: பங்கேற்பாளர்கள் அளவுக்கு மீறி ஒத்துழைக்கிறார்கள்

உளவியலாளர் மார்ட்டின் ஓர்ன் இதைச் சோதித்தார். 1962-ல் எழுதிய கட்டுரையில் விவரித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் 224 கூட்டல்கள் கொண்ட 2,000 தாள்களைக் கொடுத்து, செய்துகொண்டிருங்கள், பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். ஐந்தரை மணி நேரம் கழித்து அலுத்து நிறுத்தியது சோதனை நடத்தியவர்தான். முடித்த ஒவ்வொரு தாளையும் 32 துண்டாகக் கிழித்துப் போடச் சொன்னபோதும் செய்துகொண்டே இருந்தார்கள். சோதனை என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் அர்த்தம் தேடிக்கொள்கிறார்கள், நல்ல பங்கேற்பாளராக இருக்கப் பார்க்கிறார்கள்.

நடத்துகிறவர் தங்கள் துறைப் பேராசிரியராகவோ சீனியராகவோ இருந்தால் இது இன்னும் கூடும். "மேடத்துக்கு என்ன வேணும்" என்று கண்டுபிடிப்பதில் நம் மாணவர்கள் கெட்டிக்காரர்கள்.

பிடிப்பதற்கு ஓர்னே ஒரு வழி சொன்னார். சோதனையில் கலந்துகொள்ளாத சிலரிடம் நடைமுறை முழுவதையும் விவரித்து, நீங்கள் இருந்தால் எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஊகமும் உங்கள் முடிவும் அச்சு அசலாக ஒத்துப்போனால், உங்கள் பங்கேற்பாளர்களும் ஊகித்து நடித்திருக்க முடியும். சோதனை முடிந்தபின் கேட்கும் கேள்விகளைப் பொதுவிலிருந்து நெருக்கமாகக் கொண்டுபோங்கள்: "இது எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள்?", "எப்போது அப்படித் தோன்றியது?", "முன்பே யாராவது சொன்னார்களா?" கடைசிக் கேள்வி முக்கியம். காலையில் வந்த மாணவி மாலைக்குள் விடுதி முழுக்கச் சொல்லியிருப்பார். கூடியவரை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். உண்மை நோக்கத்தை மறைத்து வேறு காரணம் சொல்வதாக இருந்தால் அறநெறிக் குழுவின் ஒப்புதலும், முடிந்ததும் முழு விளக்கமும் கட்டாயம்.

அறிகுறி: எந்த நிலை இரண்டாவதாக வந்தாலும் அதில்தான் மதிப்பெண் கூடுகிறது

ஒரே ஆளுக்கு இரண்டு நிலையையும் கொடுத்தால் ஆட்டம் குறையும், ஆனால் வரிசை உள்ளே நுழையும். பழக்கம் ஏறினால் இரண்டாவது கூடும்; களைத்துப்போனால் குறையும். பாதிப் பேருக்கு முன்பின் மாற்றுங்கள். மூன்று நிலை என்றால் ஆறு வரிசை, நான்கு என்றால் 24. அவ்வளவு ஆள் இல்லாதபோது லத்தீன் சதுரம் போதும்: ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை வரும்படி அமைத்த சில வரிசைகள் மட்டும். சொற்பட்டியலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறாக இருக்க வேண்டும், எந்தப் பட்டியல் எந்த நிலைக்கு என்பதையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

மாற்றிப் போட்டும் தீராத ஒன்று உண்டு. நினைவு உத்தி கற்றுக்கொடுத்த நிலை முதலில் வந்தால், அடுத்த "உத்தி இல்லாத" சுற்றிலும் மனம் அதையே செய்யும். கற்றதை யாராலும் மறக்க முடியாது. அங்கே தனித்தனிக் குழுக்களே கதி.

அறிகுறி: ஆங்கிலத்தில் வந்த முடிவு தமிழில் வரவில்லை, அல்லது தமிழில் மட்டும் வருகிறது

பண்பாட்டு வேறுபாடு என்று எழுதுவதற்கு முன் சொற்களின் நீளத்தை அளந்து பாருங்கள். வெல்ஷ் மொழி பேசும் குழந்தைகள் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் தேர்வில் பின்தங்குவதாகத் தெரிந்தது. வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிப்பதே காரணம் என்று 1980-ல் எல்லிஸும் ஹென்னெல்லியும் காட்டினார்கள். மனதுக்குள் சொல்லிப் பார்க்க நேரம் கூடினால் நினைவில் நிற்கும் எண்ணிக்கை குறையும். தமிழை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று முதல் ஒன்பதுவரை ஓரசைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் ஏழைத் தவிர எல்லாம் ஓரசை. போதாததற்கு, நம்மில் பலர் கைபேசி எண்ணை ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம். தமிழில் எண்களைக் கொடுத்தால் ஒருவர் தமிழிலேயே வைத்துக்கொள்வார், இன்னொருவர் உள்ளுக்குள் ஆங்கிலமாக்கிக்கொள்வார். முடிந்ததும் எந்த மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

சொற்பட்டியல் இதைவிடச் சிக்கல். கண்ணால் காணும் பொருளின் பெயர்கள் கருத்துப் பெயர்களைவிட நன்றாக நினைவில் நிற்குமா என்று பார்க்க இப்படி இரண்டு பட்டியல் வருகிறது:

கல், பால், நாய், மரம், மாடு
சுதந்திரம், நம்பிக்கை, மனசாட்சி, பொறுமை, ஒற்றுமை

முதல் பட்டியல் ஜெயிக்கும். ஆனால் எதனால்? முதல் வரிசையில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள்தான். இரண்டாவதில் ஆறு எழுத்துவரை போகிறது. முதல் வரிசை மூன்று வயதில் வாயில் வந்தது; இரண்டாவது பள்ளிக்கூடத்தில் வந்தது. நாய், மாடு, பால் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். பொருளா கருத்தா என்ற வேறுபாட்டோடு நீளம், பழக்கம், இனத்தொடர்பு மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இணை இணையாகக் கட்டுங்கள். சுதந்திரத்துக்கு எதிரே தண்டவாளம், இரண்டும் ஆறெழுத்து. நம்பிக்கைக்கு எதிரே எலுமிச்சை. பொறுமைக்குக் குதிரை, அன்புக்குப் பந்து. பழக்கத்தைப் பார்க்க, சோதனையில் கலந்துகொள்ளாத சிலரிடம் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு அடிக்கடி கேட்கிறீர்கள் என்று ஏழு புள்ளி அளவில் மதிப்பிடச் சொல்லுங்கள். சராசரி ஒத்துப்போகாத இணையைக் கழித்துவிடுங்கள். இது ஒரு மாலை வேலை. ஆய்வேட்டில் இதைப் பற்றி நான்கு வரி இருந்தாலே வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

அறிவுரையின் தமிழையும் கவனியுங்கள். "செவிமடுத்த சொற்களை நினைவுகூர்ந்து வரிசைக்கிரமமின்றி எழுதுக" என்று கொடுத்தால் சிலருக்கு அறிவுரையே தேர்வாகிவிடும். "கேட்ட சொற்களில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள், எந்த வரிசையில் இருந்தாலும் சரி" என்பது போதும்.

அறிகுறி: பயிற்சிக்குப் பிறகு எல்லோரும் முன்னேறிவிட்டார்கள்

தேர்வு பயத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி, மூச்சுப் பயிற்சி கொடுத்து, ஒரு மாதம் கழித்து அளந்தால் பயம் குறைந்தே இருக்கும். பயிற்சி கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். உச்சியில் இருப்பவர்களைப் பொறுக்கினால் அடுத்த அளவீடு சராசரியை நோக்கி இறங்குவது இயல்பு. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்கள், திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார்கள், பாராட்டினால் சொதப்புகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்ததை டேனியல் கானெமன் இதைக் கொண்டுதான் விளக்கினார். இதற்கிடையில் தேர்வே முடிந்துபோயிருக்கவும் கூடும். அதே அளவு பயம் உள்ளவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாக்கி, ஒரு பாதிக்குப் பயிற்சியை மாதம் கழித்துக் கொடுங்கள். காத்திருந்த அந்தப் பாதிதான் உங்கள் கட்டுப்பாட்டுக் குழு.

அறிகுறி: எதிர்வினை நேரம் படிக்கட்டுப் படிக்கட்டாக விழுகிறது

கருவியைச் சந்தேகப்படுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். சாதாரண விசைப்பலகையும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். எல்லோருக்கும் ஒரே கணினி என்றால் ஆட்டத்தோடு போயிற்று. ஒரு குழு மடிக்கணினியிலும் இன்னொன்று கைபேசியிலும் செய்திருந்தால் புளி.

எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடித்தால்

"அன்கோவா போட்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்பார்கள். வேறொரு மாறியின் பங்கைக் கழித்துவிட்டுக் குழுச் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் கணக்கு அது. சீட்டுப் போட்டுப் பிரித்த குழுக்களில், சோதனைக்கு முன்பே அளந்த ஒன்றை அதில் சேர்த்தால் ஆட்டம் குறையும், நல்லதுதான். புளிக்கு அது மருந்தல்ல. அமைதிக் குழு முழுவதும் காலை, பாட்டுக் குழு முழுவதும் மதியம் என்றால், மதியத்தில் அமைதி எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் தரவில் ஒரு ஆள்கூட இல்லை. இல்லாததை எந்த மென்பொருளும் கணக்கிட்டுத் தராது.

ஒத்துவராத ஆட்களை நீக்கிவிடலாம் என்பதும் ஆபத்து. யாரை நீக்குவது என்ற விதி தரவைப் பார்ப்பதற்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் என்று தனித்தனியே சொல்ல வேண்டும். பாட்டுத் தொல்லை தாங்காமல் எழுந்து போனவர்கள் பாட்டுக் குழுவில் மட்டும் இருந்தால், சீட்டுப் போட்டு வாங்கிய சமநிலை அப்போதே போய்விட்டது.

காலை-மதியம் வழக்குக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. அதே வகுப்புகளிலிருந்து புதிதாக இரண்டு குழு பிடியுங்கள். இந்த முறை பாட்டு காலையில், அமைதி மதியத்தில். அறை, பட்டியல், ஒலிப்பதிவு எல்லாம் பழையபடியே. நான்கு குழுவையும் சேர்த்தால் வேளை இரண்டு, ஒலி இரண்டு என்று இரண்டுக்கு இரண்டு அமைப்பு கிடைக்கும். வேளையால் வந்தது எவ்வளவு, பாட்டால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். பின்னால் சேர்த்தது என்பதை மறைக்காமல் அறிக்கையில் எழுதிவிடுங்கள், தேதியோடு.